சேர்வராயன் மலையில் டென்ட் போட ஓர் இடம் கொடுங்கள்: சேலம் வனத்துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேலம் மாவட்ட வன அலுவலர், மாவட்ட ஆட்சியர், சுற்றுலாத் துறை அதிகாரிகள் அனைவருக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். ஏற்காடு இருக்கிற நம் சேர்வராயன் மலையில் பொதுமக்கள் டென்ட் போட்டு ஓர் இரவு தங்க, அரசே பொறுப்பெடுத்து நடத்துகிற ஒரு சின்ன இடம் வேண்டும். பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். கண்ணாடிப் பாலம் வேண்டாம், ஜிப்லைன் வேண்டாம், செல்ஃபி எடுக்க இதய வடிவத்தில் வளைவு சத்தியமாக வேண்டாம். சமதளமாகக் கொஞ்சம் தரை, தண்ணீர், நல்ல கழிப்பறை, ராத்திரி பார்த்துக்கொள்ள உள்ளூர் ஆட்கள் சிலர், மாணவர்களுக்கும் கட்டுப்படியாகிற கட்டணம். இவ்வளவுதான்.

ஏன் கேட்கிறேன் என்றால், இடம் இல்லை என்பதற்காக யாரும் டென்ட் போடாமல் இருந்துவிடவில்லை. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் கோரிமேட்டில் ஒரு டீக்கடை ஓரமாக நின்று பாருங்கள், பின்சீட்டில் டென்ட் பையைக் கட்டிக்கொண்டு எத்தனை பைக் அடிவாரம் பக்கம் போகிறது என்று தெரியும். ஆன்லைனில் 2,000 ரூபாய்க்குள் டென்ட் கிடைக்கிறது. வாங்கியவன் அதை மொட்டைமாடியில் ஒரு தடவை விரித்துப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பானா? 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறிப் போய், ஒண்டிக்கடை ரவுண்டானாவில் எதையாவது சாப்பிட்டுவிட்டு, இருட்டும்வரை சுற்றிவிட்டு, வியூ பாயின்ட்டில் ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகு ஏதோ ஒரு பாறை ஓரத்தில் விரிக்கிறான். அது எஸ்டேட் நிலமா, காப்புக்காடா, பஞ்சாயத்துப் புறம்போக்கா, யாரோ ஒருவருடைய பட்டாவா என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதும் எளிதில்லை, ஏனென்றால் ஏற்காட்டில் இந்த நான்கும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன, காப்பித் தோட்டத்து வேலி முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது, காட்டைத் தாண்டினால் ஒரு கிராமம் வருகிறது, எல்லைக்கல் இருந்தால் அதையும் உண்ணிச்செடி மூடியிருக்கிறது.

கையில் காசு இருப்பவர்களுக்கு வேறு கதை. அவர்களுக்குத் தனியார் 'கேம்பிங்' இருக்கிறது. அப்படி ஒரு இடத்துக்கு நண்பர்களோடு போயிருந்தேன், பெயர் இங்கே தேவையில்லை. விளம்பரத்தில் மேகமும் மலையும். போய்ப் பார்த்தால் தோட்டத்துக்குள் மண்ணை வெட்டிச் சமன்செய்த ஒரு திடல், டென்ட்டை ஒட்டி டென்ட், அத்தனை பேருக்கும் ஒரே கழிப்பறை, நடுவில் பாதியாக அறுத்த இரும்பு டிரம்மில் நெருப்பு, அப்புறம் நள்ளிரவு தாண்டியும் ஸ்பீக்கர். தோட்டத்து ஓரத்தில் காட்டெருமை வந்து நின்றபோது ஆளுக்கொரு செல்போன் வெளிச்சத்தை அதன் கண்ணில் அடித்தார்கள். நடத்துகிறவரும் சேர்ந்துதான் அடித்தார். இதற்கு ஆளுக்கு வாங்கிய பணத்தில் ஏற்காட்டிலேயே ஒரு லாட்ஜில் கட்டிலில் படுத்து எழுந்திருக்கலாம்.

ஆக இப்போது இருப்பது இரண்டே வழி: திருட்டுத்தனமாகப் பாறையில் படுப்பது, இல்லையென்றால் காசு கொடுத்து ஒரு கல்யாண மண்டப வாசலில் படுப்பது. மலைக்கு இரண்டாலும் கேடுதான்.

சட்டம் தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதும் நெருப்பு மூட்டுவதும் குற்றம். அதில் ஒரு வரியைக்கூடத் தளர்த்தச் சொல்லி நான் கேட்கவில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் என்ன நடந்தது என்பதை மலையேறுகிற யாரும் மறக்கவில்லை. காய்ந்த புல் சரிவில் தீ பிடித்தால் அது மேல்நோக்கித்தான் ஓடும், கீழே எரிகிற அனல் மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடுகிறது, சரிவு செங்குத்தாக ஆக ஆக வேகம் கூடுகிறது, மனிதன் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிற வேகம் அதற்கு ஈடாகாது. அங்கே அப்படி வந்த காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்களின் உயிர் போயிற்று. நம் மலைப்பாதையில் அடிவாரத்திலிருந்து பாதி மலை வரைக்கும் இருப்பதும் அதே மாதிரிச் சரிவுதான். மாசி பங்குனியில் மூங்கிலும் புல்லும் சருகும் காய்ந்து கிடக்கும்போது ஓடுகிற காரிலிருந்து வீசுகிற ஒரு பீடித் துண்டு போதும். ஒவ்வொரு கோடையிலும் சேலத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் மலையில் எங்கோ புகை தெரிகிறது, இது உங்கள் தீத்தடுப்புக் காவலர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

குரங்கணிக்குப் பிறகு அரசு என்ன செய்தது என்பதைத்தான் நான் முன்மாதிரியாகக் காட்டுகிறேன். மலையேற்றத்தையே ஒழித்துக்கட்டவில்லை. அதே 2018-இல் ஒழுங்குமுறை விதிகள் வந்தன, 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற அரசு மலையேற்றத் திட்டம் வந்தது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், ஆன்லைனில் பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டிகளாகக் கூடவே வருகிறார்கள், நம் குண்டூர்ப் பாதையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. தீக்காலமான பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை பாதைகளை மூடவும் செய்கிறார்கள். குறை சொல்ல இடமுண்டு, கட்டணம் சில பாதைகளில் ஒரு கல்லூரி மாணவனுக்குக் கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் ஒளிந்து ஒளிந்து ஏறிக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒரு பகுதி இன்றைக்கு ரசீதோடு ஏறுகிறது, யார் உள்ளே போனார்கள், யார் திரும்பினார்கள் என்ற கணக்கு வனத்துறையிடம் இருக்கிறது. பகலுக்குச் செய்ததை இரவுக்கும் செய்யுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

எங்கே என்று கேட்பீர்கள். முதலில் எங்கே கூடாது என்று சொல்கிறேன். சேர்வராயன் கோயில் இருக்கிற உச்சி மேட்டில் கூடாது. பார்க்கப் பரந்த புல்வெளியாகத்தான் இருக்கும், டென்ட் போட அதைவிட நல்ல தரை இல்லை என்றுதான் யாருக்கும் தோன்றும், ஆனால் அது அந்த மலைக்காரர்களின் சாமி மலை. குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நாம் அரை நிக்கரோடு பல் விளக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. போதாததற்கு 5,300 அடி உயரத்தில் மறைப்பே இல்லாத வெட்டவெளி அது. சித்திரையில் கோடை இடி இறங்கினால் அந்த மேட்டில் எல்லாவற்றிலும் உயரமாக நிற்பது உங்கள் டென்ட் கம்பியாகத்தான் இருக்கும். அடர்ந்த காட்டுக்குள்ளும் கூடாது. உலகத்திலேயே இந்த மலையில் மட்டும் இயற்கையாக வளர்கிற மரம் ஒன்று உண்டு, தாவரவியல்காரர்கள் வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்று மலையின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். அழிவின் விளிம்பில் இருக்கிற அந்த மரத்தின் கன்று எது, வெறும் புதர் எது என்று டென்ட் ஆணி அடிக்கிறவனுக்குத் தெரியப்போவதில்லை.

சரி, எங்கேதான்? ஏற்கெனவே மனிதன் கைவைத்த நிலத்தில். ஒரு காலத்தில் பாக்ஸைட் வெட்டியெடுத்த மலை இது, வெட்டியதில் மேல்மண் போன தரை இன்னும் கிடக்கிறது. அதில் பொது நிலமாக ஏதாவது இருந்தால் பாருங்கள். இல்லையென்றால் நாகலூர், மஞ்சக்குட்டை, வாழவந்தி, தலைச்சோலை என்று மலையில் ஊராட்சிகள் இருக்கின்றன, எதிலாவது ஊரை ஒட்டி அரை ஏக்கர் புறம்போக்கு இருக்காதா? ஊரை ஒட்டி என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவசரம் என்றால் ஜீப் வர வேண்டும், பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அப்புறம் முக்கியமாக, அந்த இடத்தை அந்த ஊர்க்காரர்கள் நடத்த வேண்டும். மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்து மலையாளிகள் இல்லை, மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர்) இந்த மலையில் எத்தனையோ தலைமுறையாக இருக்கிறார்கள். 1820-களில் ஆட்சியர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவருவதற்கு முன்பும் இருந்தார்கள். காப்பித் தோட்டம் வந்தபோது அவர்களுக்குக் கிடைத்தது கூலி வேலை, ரிசார்ட் வந்தபோது கிடைத்தது வாட்ச்மேன் வேலை. டென்ட் தளத்திலாவது கல்லாப்பெட்டி அவர்கள் கையில் இருக்கட்டும். ஏலம் விட்டு வெளியூர்க் காண்ட்ராக்டரிடம் கொடுத்தீர்கள் என்றால் அடுத்த தீபாவளிக்கு அங்கே சீரியல் லைட்டும் டிஜேயும் வந்துவிடும். கிராம சபையில் வைத்து, அவர்கள் ஒப்புக்கொண்ட ஊரில் மட்டும், மகளிர் சுயஉதவிக் குழு வழியாக நடத்துங்கள். ராத்திரிக்குச் சாமைச் சோறும் குழம்பும் அவர்களே சமைத்துக் கொடுத்தால் நாங்கள் அடுப்பே தூக்கிவர வேண்டியதில்லை. வேண்டாம் என்று எந்த ஊராவது சொன்னால் அதையும் மதித்து அடுத்த ஊரைக் கேளுங்கள்.

இப்போது கழிப்பறைக்கு வருகிறேன். இதைப் பற்றிப் பேச எல்லாருக்கும் கூச்சம், அதனால்தான் திட்ட அறிக்கைகளில் நுழைவு வளைவுக்கு ஒரு பக்கமும் கழிப்பறைக்கு ஒரு வரியும் கிடைக்கிறது. வியூ பாயின்ட்களுக்குப் பின்பக்கம் புதருக்குள் போய்ப் பாருங்கள், ஈரத்துணிக் காகிதமும் நாப்கினும் தண்ணீர் பாட்டிலும் எந்த நிலையில் கிடக்கின்றன என்று. மலையேறுகிறவர்களுக்கு ஒரு விதி சொல்லித்தருவார்கள்: நீரோட்டத்திலிருந்து 200 அடி தள்ளிப் போ, 6 முதல் 8 அங்குலம் குழி தோண்டு, முடித்ததும் மண்ணைப் போட்டு மூடு, காகிதத்தைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவா. நல்ல விதிதான், ஆள் அரவமில்லாத காட்டில் எப்போதாவது நாலு பேர் போனால். வாராவாரம் ஒரே இடத்துக்கு 30 பேர் போனால் இது நடக்காது. அதுவும் சார்னோகைட் என்கிற கெட்டிப் பாறை மேல் மெல்லிசாக மண் படிந்திருக்கிற ஒரு மலை ஓரத்தில் எங்கே போய் 8 அங்குலம் தோண்டுவது? அடுத்த மழையில் எல்லாம் கீழே வரும். கீழே என்றால் எங்கே? திருமணிமுத்தாறு புறப்படுவது இந்த மலையில்தான். ஏற்கெனவே சேலம் நகரத்துக்குள் அந்த ஆறு படுகிற பாடு போதும், அது உற்பத்தியாகிற இடத்திலும் நாம் கைவைக்க வேண்டாம்.

இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கிராமங்களில் அரசே கட்டிக்கொடுக்கிற இரட்டைக் குழிக் கழிப்பறை போதும். ஒரு குழி நிரம்பினால் அதை மூடிவிட்டு அடுத்ததற்குத் திருப்பிவிட வேண்டும், மூடியது ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்தால் மக்கி உரமாகிவிடும். ஊற்றுக்கும் கிணற்றுக்கும் தள்ளிக் கட்ட வேண்டும், பாறை தட்டுகிற இடத்தில் கட்டக் கூடாது, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக, உள்தாழ்ப்பாள் ஒழுங்காகப் போடுகிற கதவோடு, சூரிய ஒளி விளக்கோடு இருக்க வேண்டும். தாழ்ப்பாளை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்று பெண்களைக் கேளுங்கள். மலையேற ஆசையிருந்தும் வராமல் நின்றுவிடுகிற பெண்களில் பாதிப் பேருக்குக் கரடுமுரடான பாதை ஒரு காரணமே இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியை, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் மலை ஏறி மயங்கி உட்கார்ந்தவர், இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

நெருப்பு விஷயத்தில் என் நண்பர்களே என்னோடு சண்டைக்கு வருவார்கள், பரவாயில்லை. கேம்ப் ஃபயர் கூடாது, எந்த மாதத்திலும் கூடாது, டிரம்முக்குள்ளும் கூடாது. நெருப்பு இல்லாமல் என்ன கேம்ப்பிங் என்பார்கள். மார்கழியில் ஏற்காட்டுக் குளிர் 12, 13 டிகிரி வரை இறங்கும், ஒரு கம்பளியும் குல்லாவும் அதற்குப் போதும். விறகு எங்கிருந்து வரும்? கடையில் வாங்கிக்கொண்டா வருகிறார்கள், சுற்றியிருக்கிற காட்டில்தான் பொறுக்குகிறார்கள், விழுந்த கட்டையை நம்பி வாழ்கிற வண்டும் காளானும் காணாமல் போகின்றன, காய்ந்தது தீர்ந்ததும் பச்சைக் கிளையை ஒடிக்கிறார்கள். மண்ணைப் போட்டு மூடிவிட்டோம் என்று கிளம்புவார்கள், மூடிய கங்கு மறுநாள் காலை வரை உள்ளே கனன்றுகொண்டிருக்கும், பத்து மணிக்குக் காற்று எழும்பும்போது அந்த இடத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். டீ போட வேண்டும் என்பவர்களுக்குத் தளத்தில் ஒரு சிமென்ட் திண்ணை கட்டி, கேஸ் அடுப்பை அங்கே மட்டும் அனுமதியுங்கள். மற்றபடி சேலத்துக்காரனுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கவலை ஏது, இரண்டு பொட்டலம் தட்டுவடை செட்டு கட்டிக்கொண்டு ஏறினால் முடிந்தது.

காட்டெருமையைச் சொல்லி மறுப்பீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். நியாயமான பயம்தான். வளர்ந்த கடா ஒரு டன் எடை வரும், மிரண்டால் டென்ட் அதற்குத் துணி. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் டென்ட்டில் தங்கப்போன ஒரு பெண்ணை யானை தாக்கிக் கொன்றது, அதற்குப் பிறகு அங்கே கெடுபிடி வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், இன்றைக்குக் காட்டெருமை நடக்கிற தடத்திலேயே விவரம் தெரியாமல் டென்ட் விரித்துப் படுத்திருப்பவன் யார்? உங்கள் கணக்கில் வராத அந்தப் பையன்தான். எந்தத் தடத்தில் மாடு வரும், எந்த மாதம் எந்தத் தோட்டத்துக்குள் இறங்கும் என்பது உள்ளூர்க்காரருக்குத் தெரியும், உங்கள் வனக்காவலருக்கும் தெரியும். அந்தத் தடத்தைத் தவிர்த்து இடம் தேர்ந்தெடுத்து, சாப்பாட்டுப் பொருளை டென்ட்டில் வைக்காமல் மூடி போட்ட தகரப் பெட்டியில் வைக்கச் சொல்லி, இரவு 9 மணிக்கு மேல் சத்தமும் பளீர் வெளிச்சமும் கூடாது என்று சொல்லிவிட்டால் ஆபத்து பெருமளவு குறையும். முழுதாகப் போய்விடும் என்று நான் சொல்லவில்லை, காடு என்றால் கொஞ்சம் பயம் இருக்கத்தான் செய்யும்.

சாராயப் பாட்டிலுக்கு நீலகிரியில் 2022-லிருந்தே வழி இருக்கிறது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தையும் திருப்பிக் கொடுக்கிறார்கள். டென்ட் தளத்துக்குள் மதுவே கூடாது என்று வையுங்கள். அதோடு, உள்ளே போகும்போது பையில் என்னென்ன பாட்டில், பாக்கெட், கவர் இருக்கிறது என்று எண்ணி ஆளுக்கு 200 ரூபாய் முன்பணம் வாங்குங்கள். காலையில் அத்தனையும் திரும்பக் காட்டினால் பணம் கையில். அறிவிப்புப் பலகை செய்யாததை அந்த 200 ரூபாய் செய்யும்.

காலம் பற்றி ஒரு வார்த்தை. வருஷம் முழுக்கத் திறக்க வேண்டாம். பிப்ரவரி பாதியில் மூடுங்கள், மே மாதக் கோடை விழாக் கூட்டம் முடிகிறவரை திறக்கவே வேண்டாம், வடகிழக்குப் பருவமழையிலும் மூடுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதைப் பார்த்தோம், அந்த மாதிரி ராத்திரியில் மேலே டென்ட்டில் யாரும் இருக்கக் கூடாது. வானிலை எச்சரிக்கை வந்தால் முதல்நாளே ரத்து, பணம் முழுசாகத் திரும்ப. மிச்சமிருக்கிற மாதங்கள் எங்களுக்குப் போதும்.

ஆள் பற்றாக்குறை என்று சொல்வீர்கள், அது உண்மை என்று எனக்கும் தெரியும். ஆனால் இப்போது அந்தக் குறைந்த ஆட்களைத்தான் ராத்திரி ராத்திரியாக மலை முழுக்க டார்ச் அடித்துத் தேட விடுகிறீர்கள். ஓர் இடம் திறந்துவிட்டால், அங்கே இல்லாத டென்ட் எல்லாம் சட்டவிரோதம் என்று யோசிக்காமல் அபராதம் போடலாம். அப்படிப் போடும்போது முதல் ஆளாக நானே கைதட்டுவேன். இன்னொன்று, வாரத்தில் ஒரு நாளை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஒதுக்குங்கள். கண் எதிரே மலை நிற்கிற ஊரில் பிறந்து, அந்த மலையில் ஓர் இரவுகூடக் கழிக்காமல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிடுகிற பிள்ளைகள் சேலத்தில் ஏராளம், அவர்களுடைய அப்பா அம்மாவால் ரிசார்ட்டுக்கு 5,000 ரூபாய் கட்ட முடியாது.

அக்டோபர் 2 கிராம சபையில் மலை ஊராட்சிகளிடம் இதைக் கேட்டுவிடுங்கள். ஒப்புக்கொள்கிற ஊரில் மழை ஓய்ந்ததும் 10 டென்ட்டுக்கு மட்டும் திறந்து, பிப்ரவரி 15-இல் மூடிவிட்டு, என்ன வரவு, என்ன குப்பை, ஊர்க்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எங்களையும் உட்காரவைத்து ஒரு கூட்டம் போடுங்கள். சரிப்படவில்லை என்றால் அதோடு விட்டுவிடலாம். கழிப்பறைக்குக் குழி வெட்ட, தளத்தைச் சுத்தம் செய்ய, பாதையில் பிளாஸ்டிக் பொறுக்க ஆள் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் வருகிறோம். மண்வெட்டி மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும், எங்களில் பாதிப் பேர் அபார்ட்மென்ட்காரர்கள்.

இப்படிக்கு,
அஸ்தம்பட்டியிலிருந்து,
மலை ஏறுகிற ஒரு சேலத்துக்காரன்